காற்று இனாம், கம்பி இனாமல்ல

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்று என்பது சாரலோடு சேர்ந்து வரும் இனாம். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஐந்தருவியில் நின்று, சூடாக வடை தின்று, ரம்புட்டான் பை ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற என்னைப் போன்ற ஆளுக்கு அதே காற்று மெகாவாட் கணக்கு. செங்கோட்டைக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்து, மழையை மலையிலேயே உதறிவிட்டு, கிழக்கே வரவர வறண்டு, சுரண்டை, ஆலங்குளம், ஊத்துமலை, தேவர்குளம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகிறது. ஒரே காற்றுதான். மேற்கே அருவி, கிழக்கே கரண்ட்.

இந்த இரண்டுக்கும் நடுவில், பழைய குற்றாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், மத்தளம்பாறையில் 2011 முதல் மூன்றாவதாக ஒன்று நடக்கிறது. ஜோஹோ. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள கம்பெனிகள் பயன்படுத்துகிற மென்பொருளை வயலுக்கும் மலைக்கும் இடையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் ‘ஜோஹோ டெஸ்க்’ என்ற மென்பொருள் உருவானதே இங்கேதான். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019ல் இந்தப் பக்கமே குடிவந்துவிட்டார். அதே 2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமும் ஆனது. ஊர்க்காரர்கள் பெருமைப்பட ஒரே வருடத்தில் இரண்டு காரணம்.

என் தங்கச்சி மகள் அந்தப் பக்கத்து ஐடி வேலையில்தான் இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தவள் சொன்னாள்: “மாமா, இதுல கவர்மென்ட் ஒரு துரும்பு கூட அசைக்கல. ஒரு ஆளு சொந்தக் காசுல, சொந்த மூளையில செஞ்சதுதான் எல்லாம். நீங்க பாட்டுக்கு பழைய கவர்மென்ட் உத்தியோகஸ்தர் மாதிரி பேசாதீங்க.” பழைய அரசு உத்தியோகஸ்தன் வேறு எப்படிப் பேசுவான்? தென்காசி டீக்கடைகளிலும் இதே பேச்சுதான். ஒரு கட்சி, அரசாங்கம் வழியை விட்டு ஒதுங்கி நின்றால் போதும், தொழில் தானாக வளரும் என்கிறது. இன்னொரு கட்சி, அரசாங்கம் ஒரு பெரிய கட்டடத்தைக் கட்டித் திறப்புவிழா நடத்தினால் கம்பெனிகள் வரிசையில் வந்து நிற்கும் என்கிறது. காற்றாலைச் சீசனில் துணை மின் நிலையங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே பாதிக் கதை.

அரசு செய்ய வேண்டியதும், அரசைத் தவிர வேறு யாரும் செய்ய முன்வராததும் மூன்று வேலை. முதல் நஷ்டத்தைத் தாங்குவது. அளந்து பார்த்து, அந்த அளவை எல்லோருக்கும் பொதுவில் வைப்பது. காசு கொடுக்கும்போது சரியான நிபந்தனை போட்டுக் கொடுப்பது. முதல் இரண்டையும் நம் அரசுகள் பல நேரம் நன்றாகவே செய்திருக்கின்றன. மூன்றாவதில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறோம்.

இந்த மண்ணில் பொதுப் பணத்தைப் போட்டு நடந்த பழைய பரிசோதனை ஒன்று காற்றுக்கும் கணினிக்கும் வெகு முந்தியது. 1800ஐ ஒட்டிய வருடங்களில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டைத் தோட்டங்கள் போட்டது. (கம்பெனி அரசாங்கமா, தனியாரா என்றால் இரண்டும்தான்; இரண்டின் கெட்ட குணமும் அதற்கு உண்டு.) மொலுக்காஸ் தீவுகளில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த வாசனைப் பொருளை இங்கே விளைவிக்க முடியுமா என்று பார்த்தார்கள். பின்னால் தோட்டங்கள் தனியார் கைக்குப் போயின. ஆனால் இந்த ஈரத்துக்கும் இந்த மண்ணுக்கும் அந்த மரங்கள் வரும் என்று யாரோ ஒருவர் காசை இழக்கத் தயாராகி நட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதே மாதிரிதான் ரயிலும். நெல்லையிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904ல் மலையைக் குடைந்து பாதை போட்டதில் தென்னிந்திய ரயில்வேயோடு சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பங்கு உண்டு. அந்தப் பாதையில் செங்கோட்டை – புனலூர் பகுதியை அகலப்பாதையாக்க 2010ல் மூடி, 2018ல் திறந்தார்கள் என்பது தனிக் கதை. வெள்ளைக்காரன் குடைந்த மலையில் தண்டவாளத்தை அகலப்படுத்த நமக்கு எட்டு வருடம்.

காற்றுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த விஷயம் அதுதான்.

எழுபதுகளில் எண்ணெய் விலை எகிறிய பிறகுதான் டெல்லிக்குக் காற்றும் வெயிலும் கண்ணில் பட்டன. 1981ல் மாற்று எரிசக்திக்கு ஒரு ஆணையம், 1982ல் தனித்துறை, 1987ல் கடன் கொடுக்க ஐரெடா, 1992ல் தனி அமைச்சகம். கோப்புகளின் வரலாறு இது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு அம்மாள் தொகுத்த எண்கள். அன்னா மணி, 1918ல் இந்த மலைக்கு அந்தப் பக்கம் பீர்மேட்டில் பிறந்தவர். சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, அதுவரை இறக்குமதி செய்துகொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வைத்தவர். 1976ல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றபின் சும்மா இருந்திருக்கலாம். நாட்டில் எந்த இடத்தில், எந்த மாதம், எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கிறது என்ற விவரத்தைத் திரட்டி, மூலே என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து 1983ல் புத்தகமாகவே போட்டார்.

காற்றை அளப்பதில் லாபம் கிடையாது. கம்பம் நட்டு, கருவி மாட்டி, வருடக்கணக்கில் ஆள் வைத்துக் குறிப்பெடுத்து, கடைசியில் கிடைப்பது ஒரு எண். அந்த எண்ணை வைத்துப் பக்கத்து நிலத்துக்காரனும் காற்றாலை வைத்துவிடுவான். ஆகவே எந்த முதலாளியும் தன் காசில் ஊருக்கெல்லாம் அளந்து கொடுக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. சம்பளம் வாங்குகிற அரசாங்க ஆள்தான் அதைச் செய்ய வேண்டும். செய்தார்கள்.

அடுத்து நஷ்டம். 1986ல் தூத்துக்குடிக்குப் பக்கம் முள்ளக்காட்டில் மத்திய அரசின் உதவியோடு மின்வாரியம் சின்னச் சின்னக் காற்றாலைகளை நிறுத்தியது. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று நிறுத்துகிற ஒரே மெஷின் 3,000 கிலோவாட்டைத் தாண்டும். அன்றைக்கு அதைப் பார்த்துச் சிரித்த பொறியாளர்கள் வாரியத்துக்குள்ளேயே உண்டு. விசிறியை வைத்து வீட்டுக்கு லைட் எரிக்கப் போகிறார்களாம் என்று கேலி. ஆனால் அந்தக் காட்சிப் பண்ணை ஓடியதைப் பார்த்தபிறகுதான் தொண்ணூறுகளில் தனியார் துணிந்தார்கள். முப்பந்தலில் ஆரம்பித்து கயத்தாறு, பிறகு எங்கள் செங்கோட்டைக் கணவாய்க் காற்று வீசும் கரிசல், செம்மண் காடுகள் என்று பரவியது. மானாவாரியாகக் கம்பும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்த நிலத்துக்குப் புரோக்கர்கள் வந்தார்கள். விலை தெரியாமல் விற்றவர்களும் உண்டு, விலை தெரிந்து காத்திருந்து விற்றவர்களும் உண்டு.

இங்கேதான் மூன்றாவது வேலை வருகிறது. தனியாரை இழுக்க மத்திய அரசு போட்ட தூண்டில் வருமானவரிச் சலுகை. ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கினால் அந்த ஒரு கோடியையும் தேய்மானமாக முதல் வருடமே லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். நூற்பாலை, சிமென்ட், சினிமா என்று லாபம் சம்பாதித்தவர்கள் எல்லாம் காற்றாலை முதலாளி ஆனார்கள். கணக்குத் தேதிக்குள் மெஷின் நின்றாக வேண்டும். நன்றாகச் சுற்றியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே நின்றது. சிலது சுற்றியது. சிலது கியர்பாக்ஸ் போய், உதிரிபாகம் கிடைக்காமல், செய்த கம்பெனியே காணாமல் போய், சீசன் முழுக்க இறக்கையைக் கட்டிப்போட்டு நின்றது. அதன் முதலாளிக்குக் கவலையில்லை. அவர் எதிர்பார்த்து வந்தது முதல் வருடமே கிடைத்துவிட்டது.

அந்தக் காலத்து மெஷின்களுக்கு இன்னொரு குணம். இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். தான் மின்சாரம் உற்பத்தி செய்வதற்கே லைனிலிருந்து ரியாக்டிவ் பவரை உறிஞ்சும். நாற்பது மெஷின் ஒரே ஃபீடரில் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால், ஊரில் கரண்ட் கூடுவதற்குப் பதில் வோல்டேஜ் இறங்கும். ஆலங்குளம் பக்கத்துக் கிணற்று மோட்டாரெல்லாம் உறுமும். கன்ட்ரோல் ரூமில் மணிக்கொரு தரம் லாக் ஷீட்டில் வோல்டேஜ் எழுதுகிறவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். கெப்பாசிட்டர் வை என்று விதி வந்தது, உறிஞ்சுகிற யூனிட்டுக்குக் கட்டணம் வந்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது. எல்லாம் பின்னால்.

டென்மார்க்காரர்கள் இதை முன்னால் யோசித்தார்கள். எழுபதுகளின் கடைசியில் அங்கே காற்றாலை செய்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் அல்ல, பட்டறைக்காரர்கள். இன்று உலகப் புகழ்பெற்ற வெஸ்டாஸ் அப்போது விவசாயக் கருவிகள் செய்த கம்பெனி. அந்த நாட்டு அரசு 1978ல் ரிசோ என்ற இடத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்தது. மறு வருடம் காற்றாலை வாங்குகிறவருக்கு விலையில் 30 சதவீத மானியம் அறிவித்தது. ஒரே ஒரு நிபந்தனை: ரிசோவில் சோதித்துத் தேறிய மெஷினுக்கு மட்டும்தான் மானியம். இறக்கை பறக்கிற மெஷினை யாரும் விற்க முடியவில்லை. எது எப்படி உடைகிறது என்பதைச் சோதனை நிலையத்திலிருந்து எல்லா உற்பத்தியாளரும் கற்றுக்கொண்டார்கள். மானியத்தைப் பத்து வருடத்தில் குறைத்து நிறுத்தியும் விட்டார்கள். தொழில் நின்றது, வளர்ந்தது, நம் முள்ளக்காட்டுக்கும் வந்தது.

நாம் சோதனைக்கென்று காற்று சக்தி மையத்தைச் சென்னையில் தொடங்கியது 1998ல். கயத்தாறில் சோதனை நிலையம் அதன் பின்னால், அதுவும் ரிசோக்காரர்கள் கை கொடுத்து. சலுகை முதலில், சோதனை பிறகு. வரிசையைத் தலைகீழாகச் செய்ததற்கான விலையை இன்றும் கொடுக்கிறோம். எப்படியென்றால், அந்தத் தொண்ணூறுகளின் சின்ன மெஷின்கள்தான் காற்று நன்றாக வீசுகிற இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு பெரிய மெஷின் செய்கிற வேலையை அங்கே பத்துப் பதினைந்து குட்டி மெஷின்கள் அரைகுறையாகச் செய்கின்றன. பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த தமிழ்நாட்டைக் காற்றாலைத் திறனில் 2023ல் குஜராத் முந்தியதற்கு இதுவும் ஒரு காரணம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் கொள்கையைத் தமிழக அரசு வெளியிட்டது 2024 ஆகஸ்டில். அதிலுள்ள கட்டணங்கள் பற்றித் தொழில்துறைக்கு மனக்குறை இருக்கிறது. ஒரே கம்பத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேருக்கு நிலம், ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய ஒப்பந்தம் என்றிருக்கிற சிக்கலைக் கொள்கை ஆவணத்தால் மட்டும் அவிழ்க்க முடியாது. தாசில்தார் அலுவலகத்தில் உட்கார்ந்து அவிழ்க்க வேண்டும்.

டெல்லியின் மனம் மாறுகிற வேகமும் கொஞ்ச நஞ்சமல்ல. ஓடுகிற யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை என்று 2009ல் ஒரு நல்ல திட்டம் வந்தது. சுற்றினால்தான் காசு. வரிச்சலுகையை 2012ல் நிறுத்தினார்கள். அந்த வருடம் நாடு முழுக்கப் புதுக் காற்றாலைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. 2014ல் திரும்பக் கொடுத்தார்கள். இதற்கிடையில் 80 சதவீதமாகியிருந்த அந்தத் தேய்மானச் சலுகையை 2017ல் 40 ஆக வெட்டினார்கள். இருபத்தைந்து வருடம் ஓட வேண்டிய ஒரு மெஷினை நம்பிக் கடன் வாங்குகிறவன் மூன்று வருடத்துக்கொரு முறை கொள்கை புரள்வதை எப்படிக் கணக்கில் சேர்ப்பான்?

இன்னொன்று. ஆடியில் காற்று உச்சத்தில் அடிக்கும்; அன்றே மழை பெய்து மாநிலத்தில் மின் தேவை குறையும். அனுப்பக் கம்பி போதாது, அல்லது வாங்க ஆள் இல்லை. காற்றாலையை நிறுத்தச் சொல்லிப் போன் வரும். இறக்கையைத் திருப்பி நிறுத்துவார்கள். காற்று பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். காற்று இனாம், கம்பி இனாமல்ல. அந்தக் கம்பியை எந்தக் காற்றாலை முதலாளியும் தனியாகப் போட மாட்டார். 400 கிலோவோல்ட் லைனும், மின்சாரத்தைச் சேமிக்கும் வசதியும் அரசு போட வேண்டிய அடுத்த முதல். அதில் ரிப்பன் வெட்டுவதற்கு அழகான இடம் எதுவும் இல்லை என்பதால் மெதுவாக நடக்கிறது என்று நான் சந்தேகப்படுவதுண்டு.

ஊருக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்க வேண்டும். இந்தக் காற்றாலைகளில் கணிசமான பங்கு கோவை, ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளுக்குச் சொந்தம். இங்கே சுற்றுகிறது, அங்கே நூல் நூற்கிறது. எங்கள் பையன்களுக்குக் கிடைத்தது வாட்ச்மேன், ஆபரேட்டர் வேலை. ஐடிஐ படித்தவர்களுக்குப் பராமரிப்பு வேலை. கம்பம் ஏறப் பயப்படாத சில பையன்கள் அந்தப் பழக்கத்தை வைத்துக் குஜராத்துக்கும் வெளிநாட்டுக்கும் போயிருக்கிறார்கள். குறைவான பலன் இல்லை. ஆனால் மெஷின் வடிவமைக்கிற, பழுது ஆராய்கிற வேலை இந்தப் பக்கம் வேர்விடவில்லை. இத்தனை வருடமாகக் காற்றை விற்கிற மாவட்டத்தில் காற்றாலை இறக்கையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு அரசுப் பொறியியல் கல்லூரி எழவில்லை.

இப்போது தங்கச்சி மகளுக்குப் பதில். அவள் அம்மா, என் தங்கச்சி, சொளவில் பீடி இலையும் தூளும் வைத்துச் சுருட்டியவள். கடையம், ஆலங்குளம், முக்கூடல் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் அநேகம் பேர் அப்படித்தான். இலையை நறுக்கி, தூள் வைத்து, நூல் சுற்றி, சாயங்காலம் கடையில் எண்ணிக் கொடுத்தால், ‘இது சரியில்லை’ என்று ஒரு கைப்பிடியைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குக் கூலி. சுருட்டிக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். அந்தப் பிள்ளை சத்துணவு சாப்பிட்டது அரசாங்கப் பள்ளியில். சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது. லேப்டாப் 2011ல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று கல்விக் கட்டணச் சலுகை. எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் கல்லூரிப் படியை முதலில் மிதித்தது குற்றாலம் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரியில். 1964ல் திருக்குற்றாலநாதர் கோவில் தேவஸ்தானம் ஆரம்பித்தது, இன்று அறநிலையத்துறையின் கீழ் நடக்கிறது. சாமி உண்டியல் காசு பெண் பிள்ளைகள் படிப்புக்கு.

வேம்புவும் சென்னை ஐஐடியில் படித்து 1989ல் வெளியே வந்தவர். அது 1959ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு நம் வரிப்பணத்தில் எழுந்த கல்லூரி. கிராமத்திலிருந்து உலகத்தோடு பேச வேண்டுமென்றால் போன் வேண்டும். அதற்கும் ஒரு அரசாங்கக் கதை இருக்கிறது. 1984ல் தொடங்கிய சி-டாட் அமைப்பு, ஏசி அறை இல்லாமல் நம் வெயிலிலும் தூசியிலும் ஓடுகிற 128 இணைப்புக் கிராமத் தொலைபேசி நிலையத்தைச் செய்தது. வெளிநாட்டு மெஷின் எதுவும் அப்படி நம் கிராமத்துக்காகச் செய்யப்பட்டதில்லை. வடிவமைப்பைப் பல தனியார் கம்பெனிகளுக்குக் கொடுத்துச் செய்ய வைத்தார்கள். குற்றாலம் சீசனில் எஸ்டிடி பூத் வாசலில் வரிசையில் நின்ற யாரும் அந்த டப்பாவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் சொன்னதும் அவள் விட்டாளா? “சரி மாமா, இதெல்லாம் எல்லா ஊருக்கும்தான் கொடுத்தாங்க. கம்பெனி மத்தளம்பாறைக்கு மட்டும் ஏன் வந்துச்சு?” நியாயமான கேள்வி. தெற்கே ஐடி கொண்டுவர வேண்டும் என்று அரசு நெல்லைக்குப் பக்கம் கங்கைகொண்டானில் எல்காட் ஐடி வளாகத்தைக் கட்டியது. சாலை, மின்சாரம், சலுகை எல்லாம் இருந்தும் வருடக்கணக்கில் ஆள் வராமல் கிடந்தது. அதே காலத்தில் ஒருவர் வெளி முதலீட்டாளர் காசு வாங்காமல் தன் கம்பெனி லாபத்தில், தென்னந்தோப்புப் பக்கம் ஆள் எடுத்து, கல்லூரிப் பட்டம் கேட்காமல் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வேலையில் வைத்தார். அந்தத் துணிச்சலை எந்தத் துறைச் செயலாளரும் காட்டியிருக்க முடியாது. காட்டியிருந்தால் தணிக்கைக் குறிப்பு வந்திருக்கும். பிள்ளையைப் படிக்க வைப்பது, காற்றை அளப்பது, கம்பி போடுவது, இவற்றில் அரசு கெட்டிக்காரர். எந்த ஊரில் எந்தத் தொழில் பிடிக்கும் என்று ஜோசியம் சொல்வதில் கெட்டிக்காரர் இல்லை. இப்போது மாவட்ட நகரங்களில் அரசு எழுப்பும் நியோ டைடல் ஐடி பூங்காக்களை நான் எதிர்க்கவில்லை. கட்டடத்தைத் தொழில் என்று எண்ணிவிட வேண்டாம் என்கிறேன், அவ்வளவே.

அதே ஜோஹோ கம்பெனி செமிகண்டக்டர் தொழிற்சாலை வைக்க மத்திய அரசின் உதவியைக் கேட்டிருந்தது. 2025 மே மாதம் அந்த யோசனையை நிறுத்தி வைத்தது. வரிப்பணத்தைத் தொடுவதற்கு முன் தொழில்நுட்பத்தில் முழு நிச்சயம் வேண்டும், அது இல்லை என்பது வேம்பு சொன்ன காரணம். தொண்ணூறுகளில் காற்றாலைக்கு வரிச்சலுகை வாங்கியவர்கள் இந்த மாதிரி யோசித்திருந்தால் கயத்தாறு பக்கம் கட்டிப்போட்ட இறக்கைகள் குறைந்திருக்கும். ஆனால் ஒரு தனிமனிதரின் மனசாட்சியை நம்பிக் கொள்கை வகுக்க முடியாது. நிபந்தனையை அரசுதான் எழுத வேண்டும்.

அரசு கொடுக்கக்கூடிய இன்னொரு உதவி, மானியத்தைவிடச் சுத்தமானது: பொருளை வாங்குவது. மத்திய அரசின் தகவல் மையமான என்ஐசி, டெண்டர் போட்டு, ஏறத்தாழ 12 லட்சம் அரசு ஊழியர்களின் மின்னஞ்சலை ஜோஹோ தளத்துக்கு மாற்றியிருக்கிறது. வளர்ந்த கம்பெனிக்கு அது கௌரவம். வளராத கம்பெனிக்கு அப்படி ஒரு ஆர்டர் கிடைத்தால் உயிர்.

அப்படி ஒரு ஆர்டர் கொடுக்க எங்கள் ஊரிலேயே வேலை இருக்கிறது. 2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு மாணவனின் உயிர் போனது. மேலே காட்டுக்குள் பெய்கிற மழை கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரியாது. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறதா என்று கண்ணால் பார்த்து, விசிலடித்து ஆளை வெளியேற்றுவதுதான் வழக்கம். மேலே தேனருவி, செண்பகாதேவிப் பக்கம் மழைமானியும் நீர்மட்டக் கருவியும் வைத்து, கீழே சைரனோடு இணைக்கிற வேலை ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கிற மகேந்திரகிரி பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது என்பது வேறு விஷயம். பாவூர்சத்திரம், தென்காசி பக்கத்தில் இந்த மாதிரிக் கருவி செய்து பழகிய பையன்கள் இருக்கிறார்கள். குரங்கு பிடுங்காமல், இடி விழுந்து போகாமல், ஈரத்தில் துருப்பிடிக்காமல் மூன்று சீசன் ஓடுகிற பெட்டியை ஒருவன் செய்துவிட்டால், மேற்குத்தொடர்ச்சி மலையில் அருவி உள்ள ஊரெல்லாம் அவனுக்குச் சந்தை. எந்தத் தனியாரும் முதல் பெட்டியை வாங்க மாட்டார். அருவிக்கு முதலாளி கிடையாது. அரசுதான் வாங்க வேண்டும். ஒன்றல்ல, மூன்று பேரிடம் ஆளுக்கொன்று வாங்கி, ஒரு சீசன் ஓடவிட்டு, எது எத்தனை நாள் வேலை செய்தது என்று கலெக்டர் அலுவலகப் பலகையில் ஒட்டினால் அதுதான் எங்கள் ரிசோ. இதில் வனத்துறையா, பொதுப்பணித்துறையா, பேரூராட்சியா என்ற கேள்வி வரும். வரட்டும், கலெக்டருக்குச் சம்பளம் அதைத் தீர்க்கத்தானே.

ஆனால் அந்தப் பையன் டெண்டருக்குள் நுழைய வேண்டும். மூன்று வருட விற்றுமுதல் காட்டு, இதே வேலையை முன்பு செய்த அனுபவம் காட்டு என்பார்கள். புதுத் தொழிலுக்கு இதிலெல்லாம் தளர்வு உண்டு என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. விதியைக் காட்டினால், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் வரும். உள்ளே நுழைந்து, பெட்டியைக் கொடுத்து, பில் போட்டபின் அடுத்த கட்டம். சிறு தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006ல் வந்தது. சிறு தொழிற்கூடத்திடம் பொருள் வாங்கினால் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டி. அரசுத் துறைக்கும் இதே சட்டம்தான். தென்காசி மாவட்டத்தில் அந்த வட்டியைக் கேட்டு வாங்கிய பட்டறைக்காரர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஏன் கேட்கவில்லை என்று சுரண்டையில் ஒருவரிடம் விசாரித்தேன். “வட்டி கேட்டா அசலும் அடுத்த ஆர்டரும் போயிரும் அண்ணாச்சி” என்றார்.